சாம்சங்கின் 26 டாலரும் சான்டிஸ்க்கின் மறுப்பும்: நினைவகச் சில்லு நிறுவனம் ஒன்றின் நிர்வாகம் குறித்து ஓயாத விவாதம்

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் தேதி, லீமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து ஒரு நாளே ஆகியிருந்த நிலையில், தென் கொரியாவின் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு கடிதத்தைப் பகிரங்கப்படுத்தியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மில்பிடாஸ் நகரைத் தளமாகக் கொண்ட சான்டிஸ்க் நிறுவனத்தின் பங்குகள் அனைத்தையும், பங்கொன்றுக்கு 26 டாலர் வீதம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளத் தான் தயார் என்று அக்கடிதம் கூறியது. மொத்தத் தொகை 585 கோடி டாலர். இதுபற்றிய ஊகங்கள் கிளம்புவதற்கு முன்பு சந்தையில் அந்தப் பங்கு விற்ற விலை ஏறத்தாழ அதில் பாதிதான்.

சான்டிஸ்க்கின் இயக்குநர் குழு ஒருமனதாக அதனை நிராகரித்தது. ஐந்து வாரங்களில் சாம்சங் பின்வாங்கியது. நவம்பரில் பங்கின் விலை 6 டாலருக்கும் கீழே போனது.

நிர்வாகம் தன் பதவியைக் காத்துக்கொள்வதற்காகப் பங்குதாரர்களின் பணத்தைப் பாழாக்கிவிட்டதா, அல்லது பீதி நிலவிய வேளையில் அடிமாட்டு விலைக்கு நிறுவனத்தைப் பறிகொடுக்காமல் காத்ததா? அன்று எழுந்த இந்தக் கேள்வி, நினைவகச் சில்லு நிறுவனங்களில் முதலீடு செய்வோரிடையே இன்றளவும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அதற்கு விடை காண்பதற்கு முன் அந்த நிறுவனம் என்ன, அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

மூவர் தொடங்கிய நிறுவனம்

சான்டிஸ்க் 1988இல் சன்டிஸ்க் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் மூவர்: இஸ்ரேலில் பிறந்த இயற்பியலாளர் எலி ஹராரி, கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா, மற்றும் ஜாக் யுவான். மெஹ்ரோத்ரா பிலானியில் உள்ள பிட்ஸ் கல்விக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் பதினெட்டு வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றவர். அமெரிக்கத் தூதரகம் அவரது விசா விண்ணப்பத்தை மூன்று முறை நிராகரித்ததாகவும், தந்தையார் அதிகாரியிடம் விடாப்பிடியாக வாதாடிய பிறகே அது கிடைத்ததாகவும் அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

மின்சாரம் நின்றாலும் பதிந்தது அழியாத ஃப்ளாஷ் நினைவகம் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியியலாளரின் கண்டுபிடிப்பாகும். அதைக் கொண்டு சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லிலேயே தகவல்களைச் சேமிக்கலாம் என்பதுதான் சான்டிஸ்க்கின் எண்ணம். 1995இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்குகளை வெளியிட்ட அந்நிறுவனம், புகைப்படக் கருவிகளுக்கான நினைவக அட்டைகளின் மூலம் உலகெங்கும் அறிமுகமானது. 2000களில் திருமண வீடுகளில் படம் எடுத்தவர்களின் சட்டைப்பையில் இருந்த சிறு அட்டைகளில் கணிசமானவை இந்நிறுவனத்தின் முத்திரையைத் தாங்கியவையே.

இரண்டு விடயங்களே இந்நிறுவனத்தின் உண்மையான சொத்து. முதலாவது, காப்புரிமைகள். ஒரே நினைவகக் கலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துணுக்குகளைப் பதியும் முறை உட்படப் பல அடிப்படை நுட்பங்களுக்கான உரிமை அதனிடம் இருந்தது. இதற்காக ஆண்டுதோறும் பல கோடி டாலர் உரிமத் தொகை செலுத்தி வந்த நிறுவனங்களில் பெரியது சாம்சங். இரண்டாவது, தோஷிபாவுடனான கூட்டு முயற்சி. ஜப்பானின் யொக்கைச்சி நகரில் இரு நிறுவனங்களும் இணைந்து ஆலைகளை அமைத்து, உற்பத்தியைப் பகிர்ந்துகொண்டன. நூற்றுக்கணக்கான கோடி டாலர் விழுங்கும் ஆலையைத் தனியாகக் கட்டாமலேயே உலகின் முன்னணி உற்பத்தியாளர் வரிசையில் சான்டிஸ்க் நின்றது இதனால்தான்.

ஆனால் பகிர்வு என்றால் சுமையும் சேர்ந்தே வரும். ஆலையில் விளைவதில் தனக்குரிய பங்கை விலை ஏறினாலும் இறங்கினாலும் சான்டிஸ்க் எடுத்துக்கொண்டாக வேண்டும். விலை ஏறும்போது இது வரம். இறங்கும்போது கழுத்தில் கட்டிய கல்.

ஏறுவதும் இறங்குவதும்

நினைவகச் சில்லுத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதனை உயர் தொழில்நுட்பம் என்று கருதுகிறார்கள். அது உண்மையே. ஆனால் சந்தையில் அது நடந்துகொள்ளும் விதம் வெங்காயத்தையோ தக்காளியையோ ஒத்தது. ஒரு நிறுவனத்தின் சில்லுக்குப் பதிலாக மற்றொன்றின் சில்லைப் பொருத்திவிடலாம் என்பதால் விலையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் எல்லோரும் ஆலையை விரிவாக்குகிறார்கள். ஆலை கட்டி முடிய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முடியும்போது எல்லோருடைய சரக்கும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. தக்காளி விலை கிடைக்காவிட்டால் பறிக்காமல் விட்டுவிடலாம். சில்லு ஆலையை நிறுத்தி வைத்தாலும் அதன் தேய்மானமும் கடனும் நிற்பதில்லை. ஆகவே நட்டத்திலும் உற்பத்தி தொடர்கிறது, விலை மேலும் சரிகிறது.

2007, 2008ஆம் ஆண்டுகளில் நடந்தது இதுதான். ஐபாட் போன்ற இசைக்கருவிகள் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மாறியபோது பிறந்த உற்சாகத்தில் அனைவரும் உற்பத்தியைப் பெருக்கினார்கள். பின்னர் ஓராண்டிலேயே நினைவகத்தின் விலை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. 2006இன் தொடக்கத்தில் 70 டாலருக்கு மேல் விற்ற சான்டிஸ்க் பங்கு, 2008 செப்டெம்பர் தொடக்கத்தில் 13, 14 டாலர் அளவில் நின்றது. போதாக்குறைக்கு, 2006இல் இஸ்ரேலின் எம்சிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலர் மதிப்புக்குத் தனது பங்குகளைக் கொடுத்து சான்டிஸ்க் வாங்கியிருந்தது. உச்சத்தில் வாங்கிவிட்டு வீழ்ச்சியில் விழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நிர்வாகத்தின் மீது அப்போதே எழுந்திருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் சாம்சங் வந்தது. சுங்குவார்சத்திரத்து ஆலையில் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் நிறுவனமாகத் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த சாம்சங், உலகளவில் நினைவகச் சில்லு உற்பத்தியில் முதலிடத்தில் இருந்தது. சான்டிஸ்க்கை வாங்கினால் அதற்கு இரட்டை ஆதாயம்: தான் கட்டிவரும் உரிமத் தொகை மிச்சமாகும், போட்டியாளர் தோஷிபாவின் ஆலைக்குள்ளேயே ஒரு பிடியும் கிடைக்கும். அந்த உரிம ஒப்பந்தம் 2009இல் முடிவடைய இருந்தது என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும்.

இரு தரப்பு வாதங்கள்

ஏற்றிருக்க வேண்டும் என்றவர்களின் வாதம் எளிமையானது. உலக நிதிச் சந்தை உருகிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கிக் கொள்முதல் செய்ய யாருமே இல்லாத நேரத்தில் ஒருவர் ரொக்கத்துடன் நிற்கிறார். சந்தை விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தருகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அதே ஆண்டில் பங்கொன்றுக்கு 31 டாலர் தர முன்வந்த மைக்ரோசாஃப்ட்டை யாஹூ நிறுவனம் திருப்பி அனுப்பியதும், அதன் பங்கு பின்னர் அதில் பாதிக்கும் கீழே வீழ்ந்ததும் அவர்களுக்கு வாகான உதாரணமாக அமைந்தன. நிறுவனரே தலைமை நிர்வாகியாக இருக்கும் இடங்களில், தான் வளர்த்த பிள்ளையை விற்க மனம் வராத பாசம் மற்றப் பங்குதாரர்களின் நலனை மறைத்துவிடுகிறது என்பது அவர்களின் முக்கியமான விமர்சனம்.

நிராகரித்தவர்களின் வாதம் இரண்டு படிகள் கொண்டது. சந்தை விலை என்பது அந்த நாளின் அச்சத்தின் அளவுகோல். அதைவிட இரு மடங்கு என்பதாலேயே ஒரு விலை நியாயமாகிவிடாது. 2007இன் இலையுதிர் காலத்தில் இதே பங்கு 50 டாலரைத் தாண்டியிருந்தது. இது முதல் படி. இரண்டாவது, சாம்சங் உண்மையிலேயே வாங்க வந்ததா, உரிமப் பேச்சுவார்த்தையில் மிரட்ட வந்ததா என்ற ஐயம். வந்தது வெறும் முன்மொழிவுதான். கணக்குகளைப் பரிசீலித்து, போட்டித் தடுப்பு அதிகாரிகளின் அனுமதியும் பெற்ற பிறகே பணம் கைமாறியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் காலம் பிடித்திருக்கும், தோஷிபாவும் கைகட்டிக்கொண்டிருந்திராது.

இந்த இரண்டாவது வாதத்துக்கு உரிய முக்கியத்துவம் அன்று தரப்படவில்லை என்றே தோன்றுகிறது. கையில் இருந்த 26 டாலரை நிர்வாகம் வீசி எறிந்தது என்று பேசுகிறவர்கள், அந்த 26 டாலர் ஒருபோதும் கையில் இருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 20ஆம் தேதி சான்டிஸ்க் தனது காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. 15 கோடி டாலருக்கு மேல் நிகர நட்டம். அத்துடன், கூட்டு ஆலைகளின் உற்பத்தித் திறனில் சுமார் 30 விழுக்காட்டைத் தோஷிபாவிடம் ஒப்படைக்கும் திட்டத்தையும் அறிவித்தது. ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள இந்த ஏற்பாடு சான்டிஸ்க்குக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் சாம்சங் எதைப் பெற விரும்பியதோ அதன் ஒரு பகுதி போட்டியாளரின் கைக்குப் போனது. நட்டத்தையும் இந்த அவசர ஏற்பாட்டையும் காரணம் காட்டிச் சாம்சங் விலகிக்கொண்டது. ஒரே நாளில் சான்டிஸ்க் பங்கு கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்து 10 டாலர் அருகே வந்தது. அந்த ஆண்டு முழுமைக்குமான நிகர நட்டம் சுமார் 200 கோடி டாலர். எம்சிஸ்டம்ஸ் உள்ளிட்ட பழைய கொள்முதல்களின் மதிப்பைக் கணக்கேட்டில் குறைத்து எழுதியதும் இதில் அடங்கும்.

அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகத்தை ஆதரித்துப் பேச ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. ஜெர்மனியின் கிமொண்டா 2009 ஜனவரியில் நொடித்தது. அமெரிக்காவின் ஸ்பான்ஷன் மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. சான்டிஸ்க்கும் அந்த வரிசையில் சேரும் என்று எழுதியவர்கள் உண்டு.

கணக்குப் பார்த்தால்

ஆனால் சேரவில்லை. 2009 மே மாதம் சாம்சங் தனது உரிம ஒப்பந்தத்தைக் குறைந்த விகிதத்தில் ஆயினும் மேலும் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது. உற்பத்தியாளர்கள் அனைவரும் முதலீட்டைச் சுருக்கியதால் விலை நிமிர்ந்தது. அப்போது பரவத் தொடங்கிய திறன்பேசிகள் நினைவகத்தை வாரி விழுங்கின. 2010இல் சான்டிஸ்க் 130 கோடி டாலர் நிகர இலாபம் காட்டியது. அந்த ஆண்டின் இறுதியில் ஹராரி ஓய்வுபெற, 2011 ஜனவரி முதல் மெஹ்ரோத்ரா தலைமை நிர்வாகியானார். 2014 கோடையில் பங்கின் விலை 100 டாலரைக் கடந்தது.

அதன் பின்னரும் சறுக்கல்கள் இருந்தன. 2015இன் தொடக்கத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கொள்வனவு குறைந்தது. புதிய தயாரிப்புகள் தாமதமாயின. வருவாய் எதிர்பார்ப்பைச் சில மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் குறைக்க வேண்டியதாயிற்று. 110 கோடி டாலர் கொடுத்து 2014இல் வாங்கிய ஃபியூஷன்-ஐஓ நிறுவனம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று முதலீட்டாளர்கள் முணுமுணுத்தனர். இறுதியில் 2015 அக்டோபரில், வன்தட்டு உற்பத்தியாளரான வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குச் சுமார் 1,900 கோடி டாலருக்கு நிறுவனத்தை விற்க ஒப்பந்தமானது. வெஸ்டர்ன் டிஜிட்டலில் முதலீடு செய்ய இருந்த சீன நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வைச் சந்திக்க விரும்பாமல் விலகியது; வெஸ்டர்ன் டிஜிட்டலின் பங்கும் இதற்கிடையில் சரிந்தது. ஆகவே 2016 மே மாதம் விற்பனை நிறைவேறியபோது சான்டிஸ்க் பங்குதாரர் ஒவ்வொரு பங்குக்கும் பெற்றது 67.50 டாலர் ரொக்கமும், வாங்கிய நிறுவனத்தின் பங்கில் ஒரு சிறு பகுதியும். கூட்டினால் 76 டாலர் அளவில் வரும்.

26 டாலரை மறுத்து 76 டாலரைப் பெற்றிருக்கிறார்கள். ஏழரை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 15 விழுக்காடு கூட்டு வளர்ச்சி. இடையில் கிடைத்த இலாபப் பங்கு தனி. அதே காலத்தில் அமெரிக்காவின் 500 பெரும் நிறுவனங்களின் குறியீடு ஒன்றே முக்கால் மடங்கைக்கூட எட்டவில்லை. இந்தக் கணக்கின்படி நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பாகிறது.

ஆயினும் இந்தக் கணக்கு காத்திருக்க முடிந்தவருக்கு மட்டுமே பொருந்தும். 2008 நவம்பரில் வேலை இழந்தோ, கடன் நெருக்கியோ 6 டாலருக்கு விற்றவருக்கு 2016இன் 76 டாலர் அடுத்த வீட்டுக் கல்யாணம். நீண்டகால நலன் என்று நிர்வாகிகள் சொல்லும்போது, அந்த நீண்ட காலத்தைத் தாக்குப்பிடிக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். கோபன்ஹேகனுக்கு மேற்கே டோஸ்ட்ருப்பில் வாழும் ஒரு தமிழ்த் தொழிலாளி தன் வாழ்நாளில் ஒரு பங்குகூட வாங்காதவராக இருக்கலாம். ஆனால் டென்மார்க்கில் பெரும்பாலான தொழில்களில் கூட்டு ஒப்பந்தத்தின்படி ஊதியத்தின் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. அந்த நிதிகள் உலகப் பங்குச் சந்தைகளில் முதலிடுகின்றன. டொரொண்டோவிலும் இலண்டனிலும் நிலைமை இதுவே. காத்திருக்கும் பொறுமை தனி மனிதரிடம் இல்லாவிட்டாலும் அவரது ஓய்வூதிய நிதியிடம் இருக்கிறது. இத்தகைய வாக்கெடுப்புகளில் அந்த நிதிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை உறுப்பினர்கள் கேட்டறிவதில் தவறில்லை.

வாங்கியவர்களின் முறை

விற்றவர்கள் சிரித்தபடி வெளியேற, விவாதம் வாங்கியவர்களின் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. விலை அதிகம் என்று வெஸ்டர்ன் டிஜிட்டலின் பங்குதாரரான இலண்டன் முதலீட்டு நிறுவனம் அல்கென் 2016இலேயே எதிர்த்தது. எனினும் வாக்கெடுப்பில் கொள்முதல் அங்கீகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தோஷிபா, தனது அமெரிக்க அணுமின் துணை நிறுவனம் வெஸ்டிங்ஹவுஸ் ஏற்படுத்திய நட்டத்தை ஈடுசெய்ய நினைவகப் பிரிவை விற்கப் புறப்பட்டது. கூட்டாளி என்ற முறையில் தனது சம்மதம் தேவை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் சட்டப் போராட்டம் நடத்தி, 2017 டிசம்பரில் சமரசமானது. அந்தப் பிரிவு பெய்ன் கேப்பிட்டல் தலைமையிலான குழுவிடம் 2018இல் கைமாறி, பின்னர் கியோக்ஸியா என்று பெயர் பெற்றது.

2022 மே மாதம், வாங்கியபோது தந்த வாக்குறுதிகள் எதுவும் நிறைவேறவில்லை, ஃப்ளாஷ் தொழிலைத் தனியே பிரியுங்கள் என்று எலியட் நிறுவனம் பகிரங்கக் கடிதம் எழுதியது. சுமார் 100 கோடி டாலர் முதலீடு வைத்திருப்பவரின் கடிதத்தை நிர்வாகத்தால் ஒதுக்க முடியவில்லை. கியோக்ஸியாவுடன் இணைக்கும் பேச்சு 2023 அக்டோபரில் முறிந்தது. அதில் மறைமுக முதலீடு கொண்டிருந்த தென் கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ் அதற்கு உடன்படவில்லை. அதே மாத இறுதியில் பிரிவினை அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் சான்டிஸ்க் மீண்டும் தனி நிறுவனமாக நாஸ்டாக்கில் இடம்பெற்றது. ஒன்பது ஆண்டுச் சுற்றுக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

தொடக்கத்தில் 50 டாலர் அருகே இருந்த புதிய பங்கு ஏப்ரலில் அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புகளின் பதற்றத்தில் சரிந்தது. பின்னர் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தைத் தேடி அலையத் தொடங்கியதும், நவம்பருக்குள் 200 டாலரைத் தாண்டியது. மெஹ்ரோத்ரா 2017 முதல் தலைமை ஏற்று நடத்திவரும் மைக்ரானும் இதே அலையில் ஏறியது. குஜராத்தின் சானந்தில் சில்லுகளைப் பொதியும் ஆலையை அமைக்க 2023இல் முன்வந்த நிறுவனம் அது. 275 கோடி டாலர் திட்டத்தில் அந்நிறுவனம் போட ஒப்புக்கொண்டது 82.5 கோடி டாலர் வரை. எஞ்சியதை இந்திய மத்திய அரசும் மாநில அரசும் ஏற்றன. எனவே இந்திய வரி செலுத்துவோரும் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தில் ஒருவகையில் பங்காளிகளே. அதே மைக்ரான் 2018 நிதியாண்டில் 1,400 கோடி டாலர் இலாபமும் 2023 நிதியாண்டில் 580 கோடி டாலர் நட்டமும் கண்டது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

செயற்கை நுண்ணறிவின் தேவை பழைய சுழற்சியை உடைத்துவிட்டது, இனி வீழ்ச்சி இல்லை என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். 2006இல் இசைக்கருவிகளைக் காட்டியும், 2014இல் திறன்பேசிகளைக் காட்டியும், 2018இல் தரவு மையங்களைக் காட்டியும் இதையே கேட்டோம் என்பது மறுசாராரின் பதில். புதிய ஆலைகளுக்கான அறிவிப்புகள் தென் கொரியாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சீனாவிலும் வந்தவண்ணம் உள்ளன. அவற்றின் சரக்கு சந்தைக்கு வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.